மல்லிச் சாக்கில் ஒரு வாளி

ராயபுரம்,
8-1-2025

அன்புள்ள பெர்சிஸ் அக்காவுக்கு,

தம்பி கோயில்பிள்ளையின் வணக்கம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே என் மானத்தைத் தவிர மற்றதெல்லாம் சுகம்.

வேறு வாய் வழியாக உங்கள் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை காலை, இடுப்பில் ஒற்றைத் துண்டும் தலை நிறைய ஷாம்பு நுரையுமாக, நம் தெருவிலிருந்து கல்மண்டபம் வரைக்கும் ஓடினேன். ஐம்பது வயதில், இந்தத் தொப்பையோடு. எனக்கு முன்னால் ஓடியது என் மகள் மகிமா. பத்து வயதாகியும் வாயில் நாலைந்து சொல்லுக்கு மேல் வராத பிள்ளை. ஆனால் அவள் அம்மா "குளிக்கலாம் வா" என்றதும் தாழ்ப்பாளைத் திறந்த வேகம் இருக்கிறதே! நான் உள்ளே குளித்துக்கொண்டிருந்தேன். ஜெபமலர் போட்ட கூச்சலில் இருந்த கோலத்தில் கிளம்பிவிட்டேன்.

ஒரு கன்டெய்னர் லாரி பிரேக் போட்டு நின்றது. மகிமாவும் நின்றாள். பிடித்துவிட்டேன். துண்டும் நின்றது, தேவ கிருபை.

நம் மளிகைக் கடையில் மூட்டை தூக்கும் கோதண்டம் அந்த முனையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தான். "இன்னா மொதலாளி, காலங்காத்தால துண்டோட ரேஸ் வுட்டுகினு கீற? மின்னாடியே சொல்லியிருந்தா விசிலு ஊதியிருப்பேன்ல?" என்றான். மறுநாள் சர்ச்சில் பாத்திரக்கடைக்காரர் மனைவி என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபத்துக்காகவா, என் நினைவு வந்தா என்று தெரியவில்லை.

போனில் சொல்லலாம் என்றால், மணி அடித்தாலே மகிமா மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறாள். கடையிலிருந்து பேசினால் தெருவே கேட்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அடுத்த கல்யாண வீட்டில் என் துண்டுதான் முதல் பந்தி. அதனால்தான் ஊரிலிருந்து நமக்குக் கருப்பட்டி ஏற்றி வரும் லாரியில், அது திரும்பும்போது இந்தக் கடிதம்.

ஜெபமலர் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

தங்கள் தம்பி,
கோயில்பிள்ளை


மெஞ்ஞானபுரம்,
21-1-2025

அன்புத் தம்பிக்கு,

அக்காள் எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது.

துண்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். லாரியைப் பற்றி ஒரே வரி. ஜெபமலரைப் பற்றி, அவள் என்னை விசாரித்தாள் என்பது மட்டும். ஆயுசு முழுக்க விடைத்தாள் திருத்தியவள் நான். பையன் எந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பக்கத்தை நிரப்பியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாதா?

இங்கே பக்கத்து ஊரில் மகிமா மாதிரிப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்க்கிற இல்லம் ஒன்று இருக்கிறது. பொறுப்பாளர் எனக்குத் தெரிந்தவர். ஜூன் மாதம் ஒரு இடம் காலியாகிறது, நமக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாராவாரம் நான் போய்ப் பார்த்துக்கொள்வேன். லாரி கிடையாது, ரோடு கிடையாது, சுற்றிலும் மதில். யோசித்து எழுது. இந்தத் தடவை ஜெபமலரைப் பற்றி எழுது.

மகிமாவுக்கு என் முத்தங்கள்.

அக்காள்,
பெர்சிஸ்


ராயபுரம்,
13-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்குக் காரணம், கேள்வி கடினம்.

ஜெபமலருக்கு முதுகில் டிஸ்க் நழுவியிருக்கிறது. தரையில் உட்கார்ந்து அடம் பிடிக்கிற பிள்ளையைப் பல் தேய்க்கத் தூக்கி, குளிக்கத் தூக்கி, சாப்பிடத் தூக்கி, வேனுக்குத் தூக்கி வந்த வினை. இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, அரிசியில் கல் பொறுக்கப் போய்விட்டாள். நம் கடையில் விற்பது கல் இல்லாத அரிசி.

அதனால் ஒரு தவணை கேட்கிறேன். ஜூனுக்குள், யாரும் தூக்காமல், மகிமா தானாகப் பல் தேய்த்து, குளித்து, சாப்பிட்டு, திருவொற்றியூர் பயிற்சி மையத்து வேனில் ஏற வேண்டும். முடியவில்லை என்றால் நானே அவளை உங்களிடம் கொண்டுவந்து விடுகிறேன். என் வார்த்தை.

வழியும் கண்டுபிடித்துவிட்டேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் ஆட்டிசம் உள்ள இந்தப் பிள்ளைக்குப் பெரிய பயம், சொல்லைவிடப் படம் நன்றாகப் புரியும் என்று மையத்தில் சொல்கிறார்கள். படத்துக்கு நாம் எங்கே போக? மூட்டைக்கு மூட்டை மார்க்குப் போடுகிற வம்சம் இல்லையா நாம்! மல்லிக்குக் குடை, சீரகத்துக்கு மணி என்று பார்த்துத்தானே நம் கோடவுனில் எழுத்துத் தெரியாத ஆள்கூட மாறாமல் அடுக்குகிறான்?

கிழிந்த சாக்குகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, பெயின்ட்டால் நானே வரைந்தேன். ஒரு மார்க்கு ஒரு சரக்குச் சாக்கில்தான் விழ வேண்டும், மாற்றினால் கடைக்கு ஆகாது என்று தாத்தா சொல்வாரே, கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. சீரகச் சாக்கில் பிரஷ். மல்லிச் சாக்கில் வாளி. புளிச் சாக்கில் தட்டு. வேனுக்குச் சாக்கு போதாமல் பக்கத்துக் கருவாட்டுக் கடையில் ஒரு சாக்குத் துண்டு வாங்கினேன். நாலையும் நாலு ஆணியில் வரிசையாக மாட்டியாகிவிட்டது. நைந்து போனால் அதே சாக்கில் வெட்டி, அதே படம் வரைந்து மாட்டுவேன்.

வீடும் கடை மாதிரி நாறுகிறது என்று ஜெபமலர் முகம் சுளிக்கிறாள். கோதண்டம் வாளியைப் பார்த்துவிட்டு, "ஆடு சோக்கா கீது மொதலாளி, வாலு எங்க?" என்றான். கலை தெரியாதவன்.

தங்கள் தம்பி,
கோயில்பிள்ளை


ராயபுரம்,
20-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். லாரி வந்தது, கருப்பட்டி வந்தது, உங்கள் பதில் வரவில்லை. கோபமா, முழங்காலா?

முதல் இரண்டு வாரம் நாங்கள் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். ஒரு நாள் பிரஷ் பறந்து என் மூக்கில் இறங்கியது. விடவில்லை. தினமும் காலையில் அவள் கையில் சாக்குத் துண்டைக் கொடுத்து, கூடவே நானும் நடந்தேன். பேஸ்ட் காரமாக இருக்கிறது என்று காரமில்லாததாக மாற்றினோம். தலையில் தண்ணீர் ஊற்றினால்தான் அலறுகிறாள் என்று கண்டுபிடித்து, மக்கை அவள் கையிலேயே கொடுத்தோம். அவளே ஊற்றிக்கொண்டால் அலறல் இல்லை. இத்தனை வருஷம் இது எங்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

இப்போது அவளே ஆணியிலிருந்து எடுக்கிறாள். எடுத்ததும் முகத்தோடு அணைத்து ஒரு முத்தம் கொடுக்கிறாள், அக்கா. என் ஓவியத்துக்கு! பிறகு அந்த வேலையைச் செய்யப் போகிறாள். ஜெபமலர் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கிறாள்.

போன ஞாயிறு திருவொற்றியூரிலிருந்து எபநேசர் சித்தப்பா வந்தார். காபி, மிக்சர், இரண்டாவது காபி. "லே கோயிலு, பிள்ளைய ரொம்பச் செல்லம் குடுக்க. ரெண்டு போடு போட்டா தன்னால பேசுவா. நாங்கள்லாம் வளரலையா?" என்று ஆரம்பித்தார். ‘நீங்கள் வளர்ந்ததைத்தான் பார்க்கிறோமே’ என்று நாக்கு நுனி வரை வந்ததை மிக்சரோடு விழுங்கினேன்.

மகிமா எழுந்தாள். ஆணியிலிருந்து வேன் படத்தை எடுத்தாள். முத்தம் கொடுத்தாள். நேராக வந்து அதைச் சித்தப்பாவின் சட்டைப் பொத்தானில் மாட்டினாள். வாசலுக்குப் போய் அவருடைய செருப்பை எடுத்துவந்து காலடியில் ஜோடியாக வைத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"என்னல இது?" என்றார் சித்தப்பா.

"உங்களுக்கு வண்டி வந்துட்டுன்னு சொல்லுதா, மாமா" என்றாள் ஜெபமலர், முகத்தை அசைக்காமல். அப்புறம் அடுக்களைக்குள் போய், முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டு நாளாகிவிட்டது.

தங்கள் தம்பி,
கோயில்பிள்ளை


மெஞ்ஞானபுரம்,
3-4-2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

சித்தப்பா எல்லா வீட்டுக்கும் போன் போட்டுவிட்டார். உன் மகள் தன் மேல் கருவாட்டைக் கட்டி விரட்டினாள் என்று என்னிடம் அரை மணி நேரம் அழுதார். ஆறுதல் சொன்னேன். போனை வைத்த பிறகு என்ன செய்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு நல்ல வாரத்தை வைத்து வருஷாந்திரப் பரீட்சைக்கு மார்க் போட முடியாது. இல்லத்தில் இடத்தை உறுதி செய்துவிட்டார்கள். ஜூன் பாதிக்குள் சேர்க்க வேண்டும். மே மாதம் நான் வருகிறேன். இரண்டு நாள் தங்கி என் கண்ணால் பார்க்கிறேன்.

மகிமா மத்தியானத்தில் தூங்குவாளா? இல்லத்தில் கேட்டார்கள்.

அக்காள்,
பெர்சிஸ்


ராயபுரம்,
24-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீங்கள் வருவதில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் கூடவே பரீட்சைப் பயம்.

மத்தியானமா? தூங்கவே மாட்டாள். வேன் கடையில் இறக்கிவிட்டதும் கோடவுனுக்குள் ஓடி, மூட்டை மேல் ஏறிக் குப்புறப் படுத்து, சாக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடுவாள். பாட்டு என்றால் ஒரே சுரம். கோதண்டம், "பாப்பா கச்சேரி ஸ்டார்ட்டு" என்று காதில் துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்குவான்.

ஒரு தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியையாக இருந்த அக்கா வருகிறார்களே, சாக்குத் துணி அசிங்கமாக இருக்குமே என்று கலர் படம் பிரின்ட் எடுத்து, பளபளவென்று லேமினேஷன் போட்டு மாட்டினேன். வெளிநாட்டுப் பிள்ளை பல் தேய்க்கிற படம், என்ன அழகு! மகிமா ஒவ்வொன்றாக முகத்தருகே கொண்டுபோனாள். ஒவ்வொன்றாக வீசினாள். அன்று வேன் காலியாகவே போனது.

மறுநாள் பழையபடி என் சாக்குத் துண்டுகளை மாட்டினேன். முத்தம் கொடுத்து எடுத்துக்கொண்டாள். அச்சடித்ததற்கும் அப்பன் கைப்பட வரைந்ததற்கும் வித்தியாசம் தெரிகிறது பிள்ளைக்கு. நான் கண் கலங்கினேன். கோதண்டம் வந்து கெடுத்தான்: "அழுவாத மொதலாளி. அந்த ஆட்ட நெனச்சா எனக்கும் அழுவதான் வருது."

வாருங்கள், அக்கா. தயாராக இருக்கிறோம்.

தங்கள் தம்பி,
கோயில்பிள்ளை


ராயபுரம்,
7-5-2025

அன்புள்ள மதினிக்கு,

ஜெபமலர் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நீங்களும் வீட்டு மரங்களும் சுகமா? நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. அவர்கள் எழுதுவதை எல்லாம் நான் படித்துவிட்டுத்தான் லாரிப் பார்சலில் வைப்பேன். அதுவும் அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு அவர்கள் மாதிரி எழுத வராது. ஒன்று மட்டும் சொல்கிறேன். போன திங்கட்கிழமை காலையில் காபி போட்டு, உட்கார்ந்து, சூடாகக் குடித்தேன். மகிமா பிறந்த பிறகு நான் சூடாகக் குடித்த முதல் காபி. அவள் உள்ளே தானாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. முழுவதையும் குடித்து முடித்தேன்.

நீங்கள் எங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். என் முதுகை நினைத்துச் சொல்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் மதினி, என் முதுகு மகிமா இல்லாவிட்டாலும் வலிக்கும்.

நீங்கள் வரும்போது வீடு சுத்தமாக இருக்கும்.

அன்புடன்,
ஜெபமலர்


ராயபுரம்,
28-5-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சௌகரியமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? ரயிலில் கீழ் பர்த் கிடைத்ததா?

நீங்கள் போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை நானே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் வந்த இரண்டு நாளும் எங்கள் பரீட்சை ஊத்திக்கொண்டது.

என்ன நடந்தது என்றால், தலைமையாசிரியை வருகிறார்கள், வீடு நாறக் கூடாது என்று ஜெபமலர் முந்தின நாள் என் ஓவியங்களைச் சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டாள். பெயின்ட் ஆனதால் படம் அழியவில்லை, இன்னும் பளிச்சென்று ஆகிவிட்டது. நானும் சந்தோஷமாக மாட்டினேன். மகிமா பிரஷ்ஷை எடுத்தாள், வீசினாள். வாளியை எடுத்தாள், வீசினாள். தரையில் உட்கார்ந்து அலறியதை நீங்கள் பார்த்தீர்கள். ஜெபமலர் தூக்கக் குனிந்ததையும், நீங்கள் அவள் தோளைப் பிடித்துத் தடுத்ததையும் நானும் பார்த்தேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அத்தனை ரகளையிலும் வேன் படத்தை மட்டும் எடுத்து முத்தம் கொடுத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றாள். பல் தேய்க்கவில்லை, குளிக்கவில்லை, சாப்பிடவில்லை, ஆனால் வேனில் ஏறினாள். இரண்டு நாளும் அப்படியே. அந்த வேனின் முன்விளக்கை நான் வரைந்த விதம் அப்படி.

நீங்கள் போன மறுநாள், துவைத்ததில் சாக்கு நைந்துவிட்டது என்று வழக்கப்படி அதே சாக்குகளில் புதிதாக வெட்டி வரைந்து மாட்டினேன். ஒன்று விடாமல் செய்தாள். ஆக, கோளாறு என் படத்தில் இல்லை. மரியாதையோடு சொல்கிறேன், வீட்டில் புது ஆளைப் பார்த்த மிரட்சிதான்.

ஒரு தடவை தவறியதற்காகப் பிள்ளையை ஃபெயில் ஆக்கிவிடாதீர்கள், அக்கா.

தங்கள் தம்பி,
கோயில்பிள்ளை


ராயபுரம்,
10-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுகமா?

இரண்டு லாரி வந்துவிட்டது. கடிதம் இல்லை. தேதி நெருங்குகிறது. ஜெபமலர் மறுபடியும் அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

வார்த்தை கொடுத்தவன் நான். வரச் சொன்னால் அழைத்துக்கொண்டு வருகிறேன். ஆனால் ஆணிகளும் சாக்குத் துண்டுகளும் கூடவே வரும், நானும் வந்து அந்த மதிலுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை போடுவேன். பிள்ளைக்கு வந்த வழியை நான் விடுவதாக இல்லை.

கோயில்பிள்ளை


மெஞ்ஞானபுரம்,
18-6-2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். பதில் எழுதக் கை வரவில்லை.

இடத்தைக் கடைசியாகப் பேசி முடிக்க இல்லத்துக்குப் போனேன். எப்போதும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவேன், இந்தத் தடவை சொல்லவில்லை. மத்தியானம். பிள்ளைகள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னதும் பெரியதும், ஒன்று பாக்கியில்லாமல். நான் கைத்தடியைக் கீழே போட்டேன். சிமென்ட் தரை, நல்ல சத்தம். ஒரு பிள்ளைகூடக் கண் திறக்கவில்லை. தானாக வருகிற தூக்கம் அப்படி இருக்காது. "நம்ம பிள்ளைங்க ரொம்ப அமைதி, டீச்சர்" என்றார் பொறுப்பாளர்.

எனக்கு மூட்டை மேல் படுத்துப் பாடுகிற பிள்ளையின் ஞாபகம் வந்தது. மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே பார்த்ததை மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் கேட்காதே.

ஆகஸ்டில் வந்து ஒரு மாதம் தங்குகிறேன். ஜெபமலர் படுத்து முதுகைத் தேற்றட்டும். காபி நான் போடுகிறேன்.

அக்காள்,
பெர்சிஸ்


ராயபுரம்,
27-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம், வணக்கம், இன்னொரு வணக்கம். உங்கள் முழங்காலுக்கும் ஒன்று.

கடிதத்தை வாசித்ததும் ஜெபமலர் கல் பொறுக்கிய அரிசி முழுவதையும் உலையில் போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சாப்பாடு. நீங்கள் வந்து தங்க மகிமாவின் அறையில் கட்டில் போட்டாகிவிட்டது. புது ஆள் மிரட்சி தெளிய, உங்களுக்கும் ஒரு படம் வரையப்போகிறேன். கண்ணாடி, கைத்தடி, முறைப்பு.

பெரிய செய்தியைக் கடைசியாக வைத்திருக்கிறேன். திருவொற்றியூர் மையத்தில் பெற்றோர் கூட்டம். மெஹ்னாஸ் என்று ஒரு அம்மா, அவர்கள் பையனும் குளிக்க மாட்டானாம், என் படங்களைப் பற்றிக் கேட்டார்கள். நான் எழுந்து பேசினேன். சாக்குத் துணியின் சொரசொரப்பு, பெயின்ட்டின் நிறம், தகப்பன் கையின் கோடு என்று அரை மணி நேரம். எல்லோரும் தங்கள் பிள்ளைக்கும் வரைந்து தரச் சொல்லிவிட்டார்கள். பெரிய டப்பாவாகப் பெயின்ட் வாங்கிவிட்டேன். கோதண்டம் சொல்கிறான்: "மொதலாளி, ஊரு பூரா ஆடா?" சொல்லட்டும். பிறவிக் கலைஞனுக்கு இதெல்லாம் சகஜம்.

தங்கள் தம்பி,
கோயில்பிள்ளை


மெஞ்ஞானபுரம்,
8-7-2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். முழங்கால்கூடப் பரவாயில்லை.

அங்கே இருந்தபோதே சொல்லியிருப்பேன். நீ அந்த வேனின் முன்விளக்கை ஜெபமலரிடம் வர்ணித்துக்கொண்டிருந்தாய், அத்தனை ரகளைக்குப் பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கெடுக்க மனம் வரவில்லை. இப்போது நீ ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பெயின்ட்டைத் திறப்பதால் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மெஹ்னாஸ் வீட்டுக்கு வரைவதற்கு முன், அந்தப் பையனுக்கு எதில் நாட்டம், சத்தமா, நிறமா, தொடுகையா என்று முதலில் கேள். நம் பிள்ளைக்கு வந்த வழி நம் பிள்ளைக்குத்தான். அதை விடாதே. ஒரு மார்க்குக்கு ஒரே சரக்குச் சாக்கு என்று தாத்தா வைத்த விதியையும் விடாதே.

ஜெபமலரிடம் இனிமேல் எதையும் துவைக்க வேண்டாம் என்று சொல். மகிமாவுக்கு முத்தங்கள்.

அக்காள்,
பெர்சிஸ்

பி.கு.: சோப்புத்தூளில் ஊறியும் போகாதது கருவாட்டு வாடை ஒன்றுதான். அவள் முத்தம் கொடுக்கவில்லை, தம்பி, முகர்ந்து பார்க்கிறாள். அதுவும் படம் இல்லாத பக்கத்தை.